அழகுபாண்டியின் முகம்

மதுரை ஆனையூரில் சீரியலுக்காக வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டில், அன்றைக்குக் காலை பத்து மணிக்கே மருமகள் அழ ஆரம்பித்திருந்தாள். மூன்று பக்கமும் மூன்று கேமராக்கள் நின்றன. கேமராமேன் நல்லகாமன் ஜன்னலோரத்து விளக்கைக் கொஞ்சம் தணிக்கச் சொன்னார். அழுகிற முகத்தில் பாதி நிழலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் டைரக்டர் ராம்கி. முப்பது வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். "சேனல்ல நேத்தே சொல்லிட்டாங்க. இருட்டு கூடாதாம். வீட்டு வேலை பாத்துக்கிட்டே பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதாம்."

"சரிப்பா. ஏத்திக்கச் சொல்லு."

விளக்கை ஏற்றினார்கள். நிழல் போய்விட்டது. மருமகள் மறுபடி அழுதாள்.

செட்டுக்கு யார் வந்தாலும் ராம்கி அவரை, "நேஷனல் அவார்டு வாங்குன கேமராமேன்," என்றுதான் அறிமுகம் செய்வான். வந்தவர்கள் ஒரு நிமிஷம் அவரையே பார்ப்பார்கள். அவார்டு வாங்கியவர் இங்கே என்ன செய்கிறார் என்ற கேள்வி அவர்கள் கண்ணில் வந்து நிற்கும். வாய்விட்டு யாரும் கேட்டதில்லை.

செக்கானூரணிக்கு மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நல்லகாமன். அப்பா குடித்தே செத்தபோது அவருக்கு வயது பத்தொன்பது, தங்கச்சி ஒச்சாயிக்குப் பதிமூன்று. காளவாசலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இருபத்தைந்து வயதில் சென்னைக்குப் போய் ஒன்பது வருஷம் உதவியாளராக இருந்தார். முதல் மூன்று வருஷம் லென்ஸ் பெட்டியைச் சுமந்ததுதான் வேலை. தனியாக எடுத்த முதல் படம் வெளிவரவே இல்லை. இரண்டாவது ஒரு வாரம் ஓடியது. முப்பத்தொன்பது வயதில் எடுத்த மூன்றாவது படத்துக்குத்தான் தேசிய விருது கிடைத்தது.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய படங்கள் வந்தன. இரண்டும் படுத்துவிட்டன. அந்த நேரத்தில் பிலிம் சுருளே ஒழிந்து எல்லாம் டிஜிட்டல் ஆனது. அதை விரல்நுனியில் வைத்திருந்த பையன்கள் வந்தார்கள். அவார்டு வாங்கியவர் ஒத்துவர மாட்டார் என்று சின்னப் படக்காரர்கள் கூப்பிடவில்லை. பெரிய படக்காரர்களுக்கு அவர் பெயர் மறந்துபோனது. நகைக்கடை விளம்பரம், சமையல் நிகழ்ச்சி என்று இறங்கி, கடைசியில் சீரியலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாளைக்குப் பதினாறு காட்சி. எதை எடுத்தோம் என்று சாயங்காலம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்படித்தான் அந்த அவார்டு படம் எடுத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவர் வேலைக்காக மதுரைக்கு வந்தார். தங்கியது லாட்ஜில். பழங்காநத்தத்தில் ஒச்சாயி வீடு இருந்தும் அங்கே போகவில்லை. மூன்றாவது வாரம் அவளே போன் செய்தாள்.

"மதுரையிலயே இருந்துக்கிட்டு லாட்ஜ்ல சாப்புடுறியாமே. சத்யாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சுண்ணே. தாய்மாமன் வராம நான் எப்படிப் பத்திரிகை அடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்.

ஒச்சாயி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள். முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த மாவில்தான் மகள் சத்யப்ரியாவைப் படிக்க வைத்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆக்கியிருந்தாள். கறிக்குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். கையைக் கழுவிவிட்டு வந்ததும் சத்யப்ரியா ஒரு தாளை அவரிடம் நீட்டினாள். கல்யாண அழைப்பிதழின் மாதிரிப் பிரதி.

"தப்பு இருந்தாச் சொல்லுங்க மாமா."

மேலே கொட்டை எழுத்தில், 'தேசிய விருது பெற்ற ஒளிப்பதிவாளர், மணமகளின் தாய்மாமன்' என்று அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, 'திருமதி ஒச்சாயி அவர்களின் ஏகபுத்திரி சத்யப்ரியா.' அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்பன் பேரு எங்கத்தா?"

"வேணாம் மாமா," என்றாள் சத்யப்ரியா சாதாரணமாக. "மாப்பிள்ளை வீட்டுல எப்படி எறந்தாருன்னு கேட்டாங்க. ஷாக்கடிச்சுன்னு அம்மா சொல்லுச்சு. அதுக்குள்ள யாரோ போயி, குடிச்சுட்டு வயரை மிதிச்சவருன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பேரைப் போட்டு, பாக்குறவங்க எல்லாம் அதையே பேசணுமா? எனக்கு உங்க பேரு போதும்."

ஒச்சாயி கிரைண்டரில் ஒட்டியிருந்த மாவை வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லகாமன் தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

சத்யப்ரியாவின் அப்பா அழகுபாண்டியை லைட்மேனாகச் சேர்த்துவிட்டதே அவர்தான். மழை பொய்த்த வருஷம், "மச்சான், எனக்கும் ஒரு வேலை பாத்துவிடுங்க," என்று அழகுபாண்டி கேட்டான். பளுத் தூக்க அஞ்சாதவன். சொன்ன இடத்தில் விளக்கை வைத்துவிட்டு அசையாமல் நிற்பான். ஏழு வருஷம் நல்லகாமன் போன இடமெல்லாம் கூடவே போனான். சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான். குடித்துச் செத்த அப்பனைப் பார்த்து வளர்ந்த ஒச்சாயி, கல்யாணத்துக்கு முன்னால் அவனிடம் கேட்டிருந்த ஒரே வாக்கு அது.

அவார்டு வாங்கிய படத்தின் படப்பிடிப்பு செக்கானூரணிப் பக்கம் நடந்தது. ஐப்பசி மாதம், பொழுது சாயும் நேரம். நிலத்தை விற்றுவிட்டு ஒரு பெண் வரப்பில் தனியாக நடந்து வரும் காட்சி. மத்தியானம் பெய்த மழையில் வயல் பூராவும் தண்ணீர் நின்றது. நாகமலைக்கு மேலே வானம் செம்பு நிறத்தில் கிடந்தது. வரப்பின் கடைசியில் ஒரே ஒரு விளக்கை வைத்தால், சூரியன் போன பிறகும் கொஞ்சம் வெயில் மிச்சமிருப்பது போலத் தெரியும் என்று நல்லகாமன் நினைத்தார். மற்ற லைட்மேன்கள் தண்ணீருக்குள் வயர் இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தயாரிப்பு மேனேஜர், மூட்டையைக் கட்டலாம் என்றார்.

அழகுபாண்டி மட்டும் கிட்டே வந்தான். "மச்சான், இந்த வயர்ல நடுவுல ஒட்டுப் போட்டுருக்கு. நாளைக்கி வேற வயர் வரச் சொல்லி எடுப்பமா?"

"நாளைக்கி இந்த வானம் இருக்காது மாப்ள. பத்து நிமிஷம். அம்புட்டுத்தேன்."

அவன் அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினான்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு இரண்டு தரம் நடுங்கியது. அப்புறம் நிலைத்து எரிந்தது. ஜெனரேட்டர் கோளாறு என்று நல்லகாமன் நினைத்தார். நிறுத்தவில்லை. நடுக்கம்கூட நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு எண்ணம் ஓடியது. அந்தப் பெண் கேமராவைக் கடந்து போனபிறகுதான் வரப்பின் கடைசியிலிருந்து யாரோ கத்தினார்கள். அழகுபாண்டி விளக்கின் காலைப் பிடித்தபடி தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தான்.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "ஒயர் மோசம்னு எழுதுனா படம் பொட்டிக்குள்ள போயிரும் சார். உங்களுக்கும் இனிமே ஒருத்தனும் படம் குடுக்க மாட்டான். அவரு லேசாக் குடிச்சிருந்தாரு, சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டாருன்னா விபத்தோட முடிஞ்சிரும். சொந்தக்காரர் நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது."

நல்லகாமன் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்தோடு முடிந்திருந்தால்கூட வேறு. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஒச்சாயி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "குடிச்சிருந்தாருங்குறாங்க. நீ சொல்லுண்ணே. நீ சொன்னா நான் நம்புறேன்."

"ஆமாத்தா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சந்தேன்," என்றார்.

அவள் கை சட்டையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கல்யாண ஆல்பம், அவனுடைய சட்டைகள், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். அடுத்த வருஷம் டில்லியில் மேடையேறி நல்லகாமன் விருது வாங்கினார். நடுங்கி நிலைக்கும் அந்தக் கடைசி வெளிச்சத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் விசேஷமாக எழுதினார்கள்.

கையில் இருந்த அழைப்பிதழை மடித்து வைத்துவிட்டு, "ஆத்தா, கிரைண்டரை நிப்பாட்டு," என்றார் நல்லகாமன்.

"என்னண்ணே?"

"அழகுபாண்டி குடிக்கல."

அவளுக்குக் காதில் விழவில்லை போல. கிரைண்டரை நிறுத்தினாள். வீடு அமைதியானது. அவர் மறுபடி சொன்னார். வயர், தண்ணீர், பத்து நிமிஷம், மேனேஜரின் தாள், பிணவறை வாசல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஒச்சாயி தரையில் உட்கார்ந்தாள். கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"தெனமும் வைஞ்சிருக்கேன்," என்றாள். "எந்திரிச்சதும் வைவேன். அரிசி களையும்போது வைவேன். எங்கப்பன் மாதிரியே ஏமாத்திட்டியேடா பாவின்னு. இந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா வைவேன். பதினஞ்சு வருசம். ஒருநா ஒரு சோறு வச்சுக் கும்பிடல அந்த மனுசனுக்கு."

"ஒச்சாயி."

"நீ பேசாத."

சத்யப்ரியா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எதுக்கு மாமா இப்பச் சொல்றீங்க?"

"பத்திரிகையில அவன் பேரு இல்லாமப் போறதைப் பாத்து..."

"பள்ளிக்கூடத்துல என்னையக் குடிகாரன் மகள்னு கூப்புட்டாங்க. அப்ப வருசா வருசம் தீபாவளிக்குத் துணி அனுப்புனீங்க. அப்பச் சொல்லல. உங்களுக்கு இப்பத் தாங்க முடியல, எறக்கி வச்சிட்டீங்க. நாங்க இதை எங்குட்டுக் கொண்டுபோய் எறக்குறது?"



ஒச்சாயி திடீரென்று, "படத்துல அந்த இடத்தைக் காட்டு," என்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மகளைப் பார்த்தாள். சத்யப்ரியா தன் போனில் படத்தைத் தேடி எடுத்து அந்தக் காட்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளங்கையளவுத் திரையில் அந்தப் பெண் வரப்பில் நடந்து வந்தாள். விளக்கு இரண்டு தரம் நடுங்கியது.

"இப்பவா?"

"ஆமாத்தா."

"இதுல அவரு எங்க?"

"லைட்டுக்குப் பின்னால. தெரிய மாட்டான்."

அவள் காட்சியை இன்னொரு தரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "முப்பது வருசமா எம்புட்டுப் பேரைப் படம் புடிச்சிருக்க. அவரு மொகம் ஒண்ணு எங்கயாச்சும் இருக்கும். நான் வச்சிருந்ததை எரிச்சுட்டேன். நீ ஒண்ணு தேடிக் குடு. கல்யாணத்தன்னைக்கி அதுக்கு ஒரு மாலை போடணும். அதுக்கப்புறம் நீ இங்குட்டு வராத."

அடுத்த நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு முதலில் அவர் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. நடந்ததைத் தன் கைப்பட நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஏட்டு பொறுமையாகப் படித்தார்.

"பதினஞ்சு வருசமாச்சே சார். கேசுக் கட்டையே அழிச்சிருப்பாங்க. அந்த மேனேஜர் இருக்காரா?"

"எறந்துட்டாரு."

"தயாரிப்பாளர்?"

"அவரும் இல்ல."

"அப்பக் கேசு யாரு மேல சார்?"

"என் மேல."

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாள்களை ஒழுங்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். "போய் வேலையப் பாருங்க சார். நீங்க அந்த ஏழரை மணி சீரியல்ல இருக்கீகள்ல? எங்க வீட்டுல விடாமப் பாப்பாக."

அதன்பிறகு தேட ஆரம்பித்தார். ஒச்சாயி கல்யாணத்தை எடுத்தது அவரேதான். நெகட்டிவ் எல்லாம் காளவாசல் ஸ்டூடியோவில் இருந்தன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை நடந்தது. முதலாளி செத்த வருஷமே பழைய நெகட்டிவை மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டுவிட்டார்களாம். சென்னையில் லைட்மேன்களின் சங்கத்துக்குப் போன் செய்தார். உறுப்பினர் அட்டைக்கு ஒட்டிய படம் பதிவேட்டில் இருந்திருக்கும், ஆனால் அந்த வருஷத்துப் பதிவேடுகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றார்கள். ஊரில் அழகுபாண்டியின் பங்காளி விருமாண்டியைப் போய்ப் பார்த்தார். அவர் பீரோவையே கவிழ்த்துத் தேடினார். ஒரு காதுகுத்துப் படத்தில் அழகுபாண்டி குனிந்து பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். உச்சந்தலை மட்டும் தெரிந்தது. படத்தின் மூலையில் நல்லகாமன் வேலை பார்த்த ஸ்டூடியோவின் முத்திரை இருந்தது.

கடைசியில், அவார்டு படத்துக்குப் புகைப்படம் எடுத்த கிருஷ்ணபிரசாத் அகப்பட்டார். படப்பிடிப்பின்போது எடுத்த படங்கள் பழைய டிஸ்கில் கிடந்தன, அனுப்பி வைத்தார். நானூறுக்கு மேல் இருந்தன. படப்பிடிப்பு இல்லாத ஒரு பகல் முழுக்க லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நல்லகாமன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நடிகை இருந்தாள். டைரக்டர் இருந்தார். கேமராவுக்குப் பின்னால், நாற்காலியில், டீ கிளாஸோடு, வானத்தைப் பார்த்தபடி என்று அவர் இருந்தார். எத்தனை படத்தில் இருந்தார் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. அழகுபாண்டியும் இருந்தான். விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகாக, வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மாகோல் பலகைக்குக் கீழே தெரிகிற இரண்டு கால்களாக, ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு கையாக இருந்தான். ஒரே ஒரு படத்தில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். முன்னால் நல்லகாமன் சிரித்துக்கொண்டிருக்க, பின்னால் தலையில் துண்டோடு அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் விளக்கு எரிந்ததால் முகம் இருட்டாக இருந்தது. எந்தப் பொருளை எவ்வளவு வெளிச்சத்தில் எப்படி எடுத்தால் தெரியும் என்பது நல்லகாமனுக்குத் தெரியும். தெரியாததை அப்புறம் தெரிய வைக்க முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் டவுனில் ஒரு கடைக்குப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளுக்க வைத்துப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வாங்கினார்.

பழங்காநத்தத்துக்குக் கொண்டு போனபோது கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒச்சாயி வாசலிலேயே நின்று படத்தை வாங்கினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது அவருதானா?"

"அவன்தேன். அந்தத் துண்டு நீ வாங்கிக் குடுத்தது."

"மொகம் தெரியலயே."

சத்யப்ரியா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அப்பா சாகும்போது அவளுக்குப் பதினொரு வயது.

ஒச்சாயி மெதுவாகச் சொன்னாள். "எனக்கு மறந்துபோச்சு. வைஞ்சு வைஞ்சு மொகமே போச்சு. இதைப் பாத்தா வந்துரும்னு நெனச்சேன்." பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "உனக்காவது தெரியுமா? ஏழு வருசம் கூடவே இருந்தார்ல. எப்படி இருப்பாருன்னு சொல்லு."

நல்லகாமன் கண்ணை மூடினார். அந்தப் படத்து நடிகையின் இடது கன்னத்து மச்சம் நினைவுக்கு வந்தது. டைரக்டரின் பல்வரிசை வந்தது. வயலுக்குள் இறங்குமுன் அழகுபாண்டி தன்னைப் பார்த்த பார்வை வந்தது, அந்தக் கண்களைச் சுற்றி ஒன்றுமே வரவில்லை.

"நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்," என்றார். "இடது புருவத்துக்கு மேல."

"வலதுல்ல?" என்றாள் ஒச்சாயி.

"எடதுன்னுதேன் நெனக்கிறேன்."

"வலதாத்தேன் இருக்கும்," என்றாள். அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படத்தை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்யப்ரியா கதவைச் சாத்தினாள்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. நல்லகாமனுக்குப் பத்திரிகை வரவில்லை. விருமாண்டி போனில் அனுப்பிய படங்களில்தான் அதையும் கல்யாணத்தையும் பார்த்தார். பத்திரிகையின் முதல் வரியில் தெய்வத்திரு அழகுபாண்டி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். தாய்மாமன் வரியே இல்லை. தாய்மாமன் சீரை விருமாண்டியே செய்தாராம். மணமேடைக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த இருட்டுப் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். நல்லகாமன் இருந்த பாதியைக் கத்தரித்திருந்தார்கள்.

படப்பிடிப்பு தொடர்ந்து நடந்தது. சீரியலை இன்னும் இருநூறு எபிசோடு நீட்டிக்க சேனல் சம்மதித்தது. ராம்கி எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தான். வேறு வேலை கிடைக்குமா என்று சென்னையில் இரண்டு பேரிடம் நல்லகாமன் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பழங்காநத்தம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டார்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், காட்சி மாறுகிற இடைவேளையில் அவர் போனுக்குச் சத்யப்ரியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. மாமா என்று கூப்பிடாமல் நேராக எழுதியிருந்தாள்.

'அம்மா கேக்கச் சொன்னாங்க. அப்பா குரல் எதுலயாவது பதிவாயிருக்கா?'

அவர் போனைப் பிடித்தபடி மாடிப்படியில் உட்கார்ந்தார். படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை எல்லாம் டப்பிங் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். அப்படியே இருந்தாலும், கேமரா ஓடும்போது லைட்மேன்கள் வாய் திறக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்தான்.

'இல்லம்மா' என்று அடித்தார். அதை அனுப்ப வெகுநேரம் ஆனது. அனுப்பிய உடனே, அவள் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.